இறந்தவள் சொன்ன சதவீதம்

அத்தியாயம் 3

மேசை மேல் ஒரு கடித உறை கிடந்தது. மத்திய வங்கியின் முத்திரை போட்ட உறை. போன இடத்திலிருந்து திரும்பி வந்திருந்தது. முகவரிக்குக் குறுக்கே தபால்காரர் சிவப்புப் பேனாவால் எழுதியிருந்தார்: 'பெறுநர் இறந்து ஏழு மாதம் ஆகிறது.'

அதன் பக்கத்தில் ஒரு படிவம். அதே பெண்மணியின் பெயர். அதே முகவரி, பதினேழாம் எண் வீடு. பேட்டி எடுத்த தேதி, போன வாரம் செவ்வாய்க்கிழமை.

"ஒண்ணு தபால்காரர் பொய் சொல்றார். இல்லைன்னா அந்த அம்மா செத்தும் கடமை தவறாதவங்க," என்றாள் டைப்பிஸ்ட்.

யாரும் சிரிக்கவில்லை. துணை ஆளுநரின் அறையில் யாரும் சிரித்த அடையாளமே இல்லை. காலை பதினோரு மணிக்கும் கனத்த திரைகள் மூடியிருந்தன. சுவரைச் சுற்றிப் பழைய ஆளுநர்களின் ஓவியங்கள். பதினோரு பேர், பதினோரு பேரும் காலமானவர்கள். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அவர்களில் மூன்று பேராவது நம்மையே பார்க்கும்படி மாட்டியிருந்தார்கள்.

பதினெட்டு வருஷம் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவள் அவள். எத்தனையோ கொலைகாரர்களின் வாக்குமூலத்தைக் கை நடுங்காமல் தட்டியவள். வேலையை விட்டுவிட்டு அக்காள் கணவரோடு துப்பறியும் தொழிலில் இறங்கிய பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவருக்கும் அப்படித்தான். கணக்குத் தணிக்கையை மூட்டை கட்டி நாலு வருஷமாகியும் ஊருக்கு அவர் ஆடிட்டர்தான். பயம் வந்தால் அவள் ஜோக் அடிப்பாள். அவர் கண்ணாடியைத் துடைப்பார். இப்போது துடைத்துக்கொண்டிருந்தார்.

"இது முதல் தடவை இல்லை," என்றார் துணை ஆளுநர். நரைத்த முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்ட அம்மாள். குரலில் ஏற்ற இறக்கம் கிடையாது. "இறந்தப்புறம் அந்த அம்மா மூணு தடவை பதில் சொல்லியிருக்காங்க."

"என்ன கேள்விக்கு மேடம்?" என்றார் ஆடிட்டர்.

"விலைவாசி இப்ப எவ்வளவு ஏறியிருக்குன்னு நினைக்கறீங்க? மூணு மாசத்துல எவ்வளவு ஏறும்? ஒரு வருஷத்துல? இந்த மூணு கேள்விதான். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை, அறுநூறு வீட்டுல கேக்கறோம். இருபது கணக்கெடுப்பாளர்கள், ஆளுக்கு முப்பது வீடு."

"ஜனங்க நினைப்பைக் கேட்டு பேங்க்குக்கு என்ன ஆகணும்?" என்றாள் டைப்பிஸ்ட்.

"நாளைக்கு எண்ணெய் விலை ஏறும்னு நினைச்சா என்ன செய்வீங்க?"

"இன்னைக்கே ரெண்டு டின் வாங்கி வெப்பேன்."

"எல்லாரும் வாங்குவாங்க. கடைக்காரர் சாயங்காலமே விலையை ஏத்திடுவார். தொழிலாளி கூலி கூட்டிக் கேப்பார். நினைப்பே விலையாயிடும். அந்த நினைப்பு கட்டுக்கு மீறிப் போச்சுன்னா நாங்க வட்டியை ஏத்தணும். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வட்டிக் குழு கூடுது. ஆறு பேர். மூணு பேர் ஏத்தலாம்ங்கறாங்க, மூணு பேர் வேண்டாம்ங்கறாங்க. இந்தக் கணக்கெடுப்பு எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம்தான் தீர்ப்பு."

அறையின் மூலையிலிருந்து ஒரு தொண்டை செருமியது. அங்கே ஒருவர் உட்கார்ந்திருப்பதையே டைப்பிஸ்ட் அப்போதுதான் கவனித்தாள். கழுத்துப் பட்டன் வரை போட்ட சட்டை, காதிடுக்கில் பென்சில், தூக்கம் பார்த்து மாசக் கணக்கான கண்கள். தலைமைப் புள்ளியியலாளர்.

"இதுல துப்பறிய என்ன இருக்கு?" என்றார் அவர். "அந்தக் கணக்கெடுப்பாளர் வீட்ல உக்காந்து இஷ்டத்துக்கு நிரப்பியிருக்கா. அவளை நீக்கிடலாம். அந்த ஒரு படிவத்தைக் கிழிச்சுடலாம். மீதி ஐநூத்தித் தொண்ணூத்தொன்பது சுத்தமா இருக்கு. ஒரு வருஷக் கேள்விக்குச் சராசரி ஏழு புள்ளி எட்டு. வட்டியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை."

"அந்தப் படிவமும் உங்ககிட்டதான் இருந்ததா?" ஆடிட்டர் கேட்டார்.

"இல்லை," என்றார் துணை ஆளுநர். "பதில் சொன்னவங்களுக்கு அனுப்பற நன்றிக் கடிதம் இப்படித் திரும்பி வந்ததும் தபால் பிரிவுக்காரங்க படிவக் கட்டைப் பிரிச்சு இதை மட்டும் உருவி நேரா என்கிட்ட கொண்டு வந்துட்டாங்க. மீதிதான் இவர் துறைக்குப் போச்சு." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "சாயங்காலம் ஆறு மணிக்குக் கோப்புக்கு முத்திரை வெப்போம். அதுக்குள்ள வேற உண்மை தெரியலைன்னா அந்தப் பொண்ணை நீக்கற உத்தரவுல கையெழுத்துப் போடுவேன். போலீஸ் புகாரும் போகும்."

தலைமைப் புள்ளியியலாளர் அந்தத் தெருவின் முப்பது வீட்டுப் பட்டியலை அச்செடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் விரல்கள் சில்லிட்டிருந்தன. அறை குளிர்தான் என்று டைப்பிஸ்ட் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

*

லிஃப்ட் பக்கத்து பெஞ்சில் அந்தக் கணக்கெடுப்பாளர் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மடியில் துணிப்பை, பைக்கு மழைக்காகக் கட்டிய பிளாஸ்டிக் உறை, ஒரு பக்கமாகத் தேய்ந்த செருப்பு.

"பேயைப் பேட்டி எடுத்தது நீங்கதானா?" என்றாள் டைப்பிஸ்ட்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வேலை போயிடுமாக்கா?"

டைப்பிஸ்டுக்கு ஏன்தான் வாயைத் திறந்தோம் என்றிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தாள். "வீட்ல யார் யாரும்மா?"

"ரெண்டு பொண்ணுங்க. அவர் சாரத்துலேர்ந்து விழுந்து முதுகு போயி ரெண்டு வருஷமாப் படுக்கை. ஒரு படிவத்துக்கு இவ்வளவுன்னு கூலி. அதுதான் வீடு."

ஆடிட்டர் நின்றபடியே கேட்டார். "பதினேழாம் வீட்டுக்குப் போனீங்களா?"

"போனேன் சார்."

"பதில் யார் சொன்னாங்க?"

"அந்த அம்மாதான்."

"அவங்க இறந்துட்டாங்க."

"தெரியும் சார். சாவுக்கு நானும் போயிருந்தேன்."

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை. கதவு தானாக மூடிக்கொண்டு மேலே போயிற்று. டைப்பிஸ்ட் அடிக்க வைத்திருந்த ஜோக்கை விழுங்கினாள்.

"அப்புறம் எப்படிம்மா?" என்றார் ஆடிட்டர், குரலைத் தாழ்த்தி.

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க. நீங்களே போய்க் கேளுங்க." கொஞ்சம் தயங்கி, "கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க சார். அந்த அம்மா உடனே பதில் சொல்ல மாட்டாங்க," என்றாள்.

*

காரில் டைப்பிஸ்ட் வழக்கம்போல் பின் சீட்டில் ஏறினாள். அக்கா போனதிலிருந்து முன் சீட்டு காலியாகத்தான் வரும். உட்காராதே என்று அவர் சொன்னதில்லை. உட்காரட்டுமா என்று இவளும் கேட்டதில்லை. வெயில் காலத்தில் அந்தச் சீட்டுப் பக்கத்து சன்னலை மட்டும் அவர் பாதி இறக்கி வைப்பார். அக்காவுக்குக் காற்று வேண்டும்.

"அத்தான், எனக்கு ஒரு சந்தேகம்."

"கேளு."

"பேய்க்கு விலைவாசியைப் பத்தி என்ன கவலை? அதுக்கு எண்ணெய் வேணுமா, சோப்பு வேணுமா?"

"கவலை போறதுக்குள்ள ஆள் போயிட்டா, கவலை எங்கே போகும்?" என்றார் அவர். அந்தத் தெரு வரும்வரை டைப்பிஸ்ட் காலி முன் சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

தெரு என்று பெயர்தான். எதிரெதிராக இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்கள், நடுவே ஒரு லாரி போகும் அகலம், கீழே ஒரு மளிகைக் கடை. பதினேழாம் எண் மூன்றாவது மாடியில். கதவுக்கு வெளியே இரண்டு ஜோடி செருப்புகள் இருந்தன. ஆண் செருப்பில் தெருப் புழுதி. பெண் செருப்பில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. அன்று காலை துடைத்ததுபோல் இருந்தது.

டைப்பிஸ்ட் தன் செருப்பைக் கழற்றும்போது ஒரு முழம் தள்ளியே கழற்றினாள்.

கதவைத் திறந்தவருக்கு எழுபது வயதிருக்கும். முப்பத்தொரு வருஷம் நகரப் பேருந்து ஓட்டினவராம். வந்த காரியத்தை ஆடிட்டர் சொன்னதும், "அடடா, உக்காருங்க. அவ உள்ளே வேலையா இருக்கா," என்றார்.

டைப்பிஸ்ட் சமையலறைப் பக்கம் பார்த்தாள். வாசலில் ஒரு மர நாற்காலி. முதுகில் ஒரு பெண்ணின் கம்பளிச் சட்டை. நாற்காலிக்குப் பின்னால் திறந்திருந்த அலமாரிக் கதவின் உட்புறம் முழுக்கப் பென்சில் எழுத்து. எண்ணெய், பால், சோப்பு, தீப்பெட்டி, அவற்றின் நேரே வரிசை வரிசையாக விலைகள். பத்திருபது வருஷ விலைகள், கதவின் உச்சியிலிருந்து கீழே இறங்கி வந்திருந்தன. கடைசி ஏழெட்டு வரிகள் மட்டும் வேறு கை. பெரிய, கோணலான எழுத்து.

"கடைக்குப் போறது, விலை கேக்கறது எல்லாம் அவ டிபார்ட்மெண்ட்," என்றார் பெரியவர். "எனக்கு டீசல் விலை மட்டும்தான் தெரியும். இப்ப அவளால இறங்கிப் போக முடியலை. நான் போயிட்டு வந்து விலையெல்லாம் படிச்சுக் காட்டுவேன். அவ யோசிச்சுச் சொல்வா."

"அவங்ககிட்ட ஒரு கேள்வி கேக்கணுமே," என்றார் ஆடிட்டர்.

டைப்பிஸ்ட் அவர் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் துளிகூட இல்லை. பக்கத்து அறையில் இருக்கும் அம்மாளிடம் கேட்க அனுமதி கேட்கும் மரியாதைதான் இருந்தது.

"கேளுங்க, கேளுங்க. காது நல்லாக் கேக்கும்."

"இன்னும் ஒரு வருஷத்துல விலைவாசி எவ்வளவு ஏறும்னு நினைக்கறாங்க?"

பெரியவர் நாற்காலிப் பக்கம் திரும்பினார். "இந்தாம்மா, பேங்க்லேர்ந்து வந்திருக்காங்க. ஒரு வருஷத்துல எவ்வளவுங்கறே?"

வீடு அமைதியாயிற்று. எங்கோ ஒரு குழாய் சொட்டியது. தெருவில் லாரி பின்னால் போகும் ஓசை வந்து நின்றது. டைப்பிஸ்ட் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தாள். பன்னிரண்டு வரை எண்ணியபோது பெரியவர் தலையை ஆட்டினார்.

"இருபதுங்கறா."

"மூணு மாசத்துல?"

மறுபடி திரும்பல், மறுபடி காத்திருப்பு. "பதினஞ்சு."

"இப்ப?"

"பத்து. இதைக் கேக்கவே வேண்டாம்ங்கறா. பால் விலையைப் பாத்தாலே தெரியுமாம்."

ஆடிட்டர் பையிலிருந்து படிவத்தை எடுத்துப் பார்த்தார். பத்து, பதினஞ்சு, இருபது. போன வாரம் எழுதின அதே மூன்று எண்கள். எழுந்து நாற்காலிப் பக்கம் லேசாகத் தலை குனிந்து, "நன்றிம்மா," என்றார்.

டைப்பிஸ்டும் தலை குனிந்தாள். ஏன் குனிந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

*

மாடிப்படியில் அவள் அடக்கி வைத்ததெல்லாம் கொட்டியது. "அவ்வளவுதான் அத்தான், கேஸ் முடிஞ்சுது. அந்தப் பொண்ணு இட்டுக் கட்டலை. ஆனா பெயர் செத்தவங்களோடது. சட்டப்படி அது போலி. வேலை போயிடும். பாவம்."

அவர் மாடித் திருப்பத்தில் நின்று தலைமைப் புள்ளியியலாளர் கொடுத்த பட்டியலைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதைப் படி."

"பதினாறாம் வீடு, ஏழு புள்ளி நாலு. பதினெட்டு, ஏழு புள்ளி ஒன்பது. பத்தொன்பது, எட்டு புள்ளி ஒண்ணு. இருபது, ஏழு புள்ளி ஆறு..."

"நிறுத்து. மளிகைக் கடை வாசல்ல எத்தனை வருஷமா நிக்கறே?"

"பிறந்ததுலேர்ந்து."

"யாராவது 'ஐயோ, விலை ஏழு புள்ளி நாலு சதவீதம் ஏறிடுச்சே'ன்னு வயித்துல அடிச்சுக்கிட்டு கேட்டிருக்கியா?"

டைப்பிஸ்ட் விடுவிடுவென்று இரண்டிரண்டு படியாக ஏறிப் பதினெட்டாம் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஈரக் கையோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்கோங்க, ஒரே கேள்வி. ஒரு வருஷத்துல விலைவாசி எவ்வளவு ஏறும்?"

"ஏன், நீங்க ஏதாவது குறைக்கப் போறீங்களா? இருபத்தஞ்சுன்னு எழுதிக்கோங்க. போன வாரமே அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேனே!" கதவு சாத்திக்கொண்டது.

பட்டியலில் பதினெட்டு, ஏழு புள்ளி ஒன்பது.

பத்தொன்பதாம் வீட்டில் ஒரு தையல்காரர். பத்து என்றார். இருபதில் ஒரு நர்ஸ். இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவள், பதினஞ்சு என்று கத்திவிட்டுப் போய்ப் படுத்தாள். கீழே மளிகைக் கடைக்காரர், "பத்துங்க. ஆனா வாடிக்கையாளர்கிட்ட அஞ்சுன்னுதான் சொல்வேன்," என்றார். புள்ளி வைத்துச் சொல்ல ஒருவருக்கும் வரவில்லை.

"எல்லாரும் அஞ்சு, பத்து, பதினஞ்சுன்னு அஞ்சு அஞ்சாத்தான் தாவறாங்க," என்றாள் டைப்பிஸ்ட் மெதுவாக.

"மனுஷன் அப்படித்தான் பயப்படுவான். முழுசு முழுசா." ஆடிட்டர் பட்டியலை மடித்தார். "அவங்க சொன்னதை அந்தப் பொண்ணு எழுதியிருக்கா. பேங்க்குக்குள்ள போனதும் யாரோ மாத்தியிருக்காங்க. தபால் பிரிவு உருவிக்கிட்டதால ஒரே ஒரு படிவம் மட்டும் அந்தக் கைக்குச் சிக்கலை."

அவளுக்குப் புரிந்தது. "அப்படின்னா அந்த அறுநூறு பேர்ல..."

"சொன்னது சொன்னபடி பதிவானது ஒருத்தரோடதுதான். அவங்க உயிரோட இல்லை."

*

மணி நாலரை. ஓவியங்களுக்குக் கீழே அதே நாலு பேர். கணக்கெடுப்பாளர் கதவோரம் நின்றாள்.

ஆடிட்டர் சுற்றி வளைக்கவில்லை. "சார், ஒரு சின்னக் கேள்வி. உங்க வீட்ல அடுத்த வருஷம் விலைவாசி எவ்வளவு ஏறும்?"

"எட்டு புள்ளி ரெண்டு," என்றார் தலைமைப் புள்ளியியலாளர், கண் இமைக்காமல்.

"ஏன் எட்டு இல்லை?"

"எட்டு துல்லியமா இருக்காதே."

சொல்லி முடித்ததும் அவர் பார்வை துணை ஆளுநரின் மேசையில் விரித்திருந்த பட்டியலுக்குப் போயிற்று. டைப்பிஸ்ட் கோர்ட்டில் எத்தனையோ முகங்களில் பார்த்த மாற்றம்தான். வாய் திறப்பதற்கு முன் முகம் வாக்குமூலம் கொடுத்துவிடும்.

"இதுல இருக்கறது எல்லாம் உங்க வீட்டு எண் சார்," என்றார் ஆடிட்டர். "கடைக்குப் போறவங்க யாரும் இப்படிப் பேச மாட்டாங்க."

"மூலப் படிவங்கள் எங்கே?" என்றார் துணை ஆளுநர்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேசையில் வைத்தார். "என் அறை இரும்பு அலமாரில. கடைசித் தட்டு."

"அழிச்சுடலையா?" டைப்பிஸ்டுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "குற்றம் பண்றவங்க முதல்ல அதைத்தானே செய்வாங்க?"

அவர் அவளை முறைத்தார். அன்று முழுக்க அந்தக் கண்களில் உயிர் வந்தது அப்போதுதான். "மூலப் படிவத்தையா? என்னை என்னன்னு நினைச்சீங்க?"

பிறகு தோள் சரிந்தது. ஓவியங்களைப் பார்த்துப் பேசினார்.

"எட்டு வருஷம் முன்னாடி இதே கணக்கெடுப்பு. எண் பதினாலு. நான்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வட்டியை ஏத்தினாங்க. மறுபடி மறுபடி ஏத்தினாங்க. ஒரு வருஷத்துல விலை அடங்கிடுச்சு, எல்லாரும் எனக்குக் கை கொடுத்தாங்க. என் தம்பி அச்சகம் வெச்சிருந்தான். வட்டி ஏறினா தவணையும் ஏறற கடன். மூணு தடவை ஏறிச்சு. நாலாவது தவணைக்கு அவன் இல்லை. மிஷினுக்குப் பக்கத்துலயே..." நிறுத்தினார். "என் எண் சரியாத்தான் இருந்தது மேடம். ஒரு புள்ளிகூடப் பிசகலை. அன்னைலேர்ந்து ஒவ்வொரு தடவை கூட்டல் போடும்போதும் அவன் தோள் பக்கத்துல வந்து நின்னு பாக்கறான். இந்தத் தடவை கூட்டினா பதிமூணு வந்தது. திரும்பிப் பாத்தேன். என்னால எழுத முடியலை."

கதவோரம் நின்றவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"உங்க தம்பிக்காகக் குறைச்சு எழுதினீங்க," என்றார் துணை ஆளுநர். குரல் அப்போதும் ஏறவில்லை. "சம்பளம் அப்படியே நிக்குது, விலை மட்டும் ஏறிட்டே போகுதுன்னு தவிக்கற ஒரு தம்பி ஒவ்வொரு வீட்டுலயும் இருக்கானே. அவனை யார் திரும்பிப் பாக்கறது? நாங்க ஏத்துவோமா மாட்டோமாங்கறது நாளைக்குப் பத்து மணிக்கு. ஆனா உண்மையான எண்ணைப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணணும். நீங்க வீட்டுக்குப் போங்க. உங்க விஷயத்தை அப்புறம் பேசலாம்."

அவர் எழுந்து போனார். காதிடுக்குப் பென்சிலை எடுத்து மேசை விளிம்பில் வைத்துவிட்டுப் போனார்.

துணை ஆளுநர் கதவோரம் பார்த்தார். "உன் மேல இட்டுக்கட்டின குத்தம் இல்லை. ஆனா இறந்தவங்க பெயர்ல மூணு தடவை எழுதியிருக்கே. ஏம்மா?"

"முதல் தடவை பெயரை மாத்தத்தான் போனேன் மேடம். அந்த ஐயா நாற்காலியைக் காட்டி, அவகிட்ட கேளும்மான்னாரு. எனக்கு..." தலை குனிந்தாள். "அவர் எதிர்ல அடிச்சு எழுத முடியலை."

"விதியை நான் வளைக்க முடியாது. இப்பவே போ. அந்த வீட்டுப் பெரியவர் பெயர்ல புதுப் படிவம். அவரோட சொந்தப் பதில். அவர் அதே எண்ணைச் சொன்னார்னா பெயர்ப் பிழைன்னு விட்டுடறேன். வேற மாதிரி ஆச்சுன்னா, அந்த மூணு பதிலும் யாருமே சொல்லாத பதில். அப்புறம் நீக்கறதைத் தவிர வழி இல்லை." ஆடிட்டரிடம் திரும்பினார். "சாட்சியா ரெண்டு பேரும் போங்க. முடிஞ்சதும் போன் பண்ணுங்க. ஆறு மணி."

*

பதினேழாம் வீட்டுக் கூடத்தில் சாய்ந்த வெயில் நாற்காலி வரை நீண்டிருந்தது. கணக்கெடுப்பாளர் தரையில் உட்கார்ந்து புதுப் படிவத்தை அட்டையில் செருகினாள். பெயர் எழுதும் இடத்தில் பெரியவரின் பெயரை எழுதினாள்.

"ஐயா, இந்தத் தடவை உங்களைத்தான் கேக்கணும்."

"என்னையா?" அவர் சிரித்தார். "அவளைக் கேளும்மா."

"இல்லைங்க ஐயா. உங்க பதில்தான் வேணும். ஒரு வருஷத்துல விலை எவ்வளவு ஏறும்னு நீங்க நினைக்கறீங்க?"

அவர் வழக்கம்போல் நாற்காலிப் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாக, அதிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். கைகளைப் பார்த்தார். முப்பத்தொரு வருஷம் ஸ்டியரிங் பிடித்த கைகள். அவற்றில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"எனக்குத் தெரியாதேம்மா," என்றார்.

"சும்மா தோணறதைச் சொல்லுங்க ஐயா. பத்தோ, இருபதோ." அவள் குரல் கெஞ்சியது.

"அவ இல்லாம எனக்கு இதெல்லாம் தெரியாது." அவள் இல்லாமல் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதைத் தானே கேட்டதுபோல் அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பேனா தாள் மேல் நின்றது. டைப்பிஸ்ட் குனிந்து அவள் காதில் சொன்னாள். "இருபதுன்னு எழுது. காலைல எங்க காதாலயே கேட்டோம். நான் கையெழுத்துப் போடறேன். உனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு."

அவள் டைப்பிஸ்டைப் பார்த்தாள். ஆடிட்டரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். படிவத்தின் அடியில் யாரும் கவனிக்காத ஒரு சின்னக் கட்டம் இருந்தது. 'சொல்லத் தெரியவில்லை.' மூன்று கேள்விக்கும் அந்தக் கட்டத்தில் குறி போட்டாள். தாளை உருவி ஆடிட்டரிடம் நீட்டிவிட்டு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஆடிட்டர் மாடிப்படிக்கு வந்து போன் போட்டார். டைப்பிஸ்டும் காதை ஒட்டி நின்றாள். மறுமுனையில் காகிதம் புரளும் ஓசை.

"தெரியாதுன்னுட்டார் மேடம்," என்றார். "அந்தப் பொண்ணு அதையே எழுதிட்டா. இவ எவ்வளவோ சொல்லியும்."

காகித ஓசை நின்றது.

"மூலப் படிவங்களைத்தான் பாத்துட்டிருக்கேன்," என்றார் துணை ஆளுநர். "அறுநூறுல நாப்பத்தேழு பேர் தெரியாதுன்னு சொல்லியிருக்காங்க. அவர் மாத்தின பட்டியல்ல அப்படி ஒருத்தர்கூட இல்லை. இட்டுக்கட்டறவங்க எல்லாத்துக்கும் விடை வெச்சிருப்பாங்க. தெரியாதுன்னு எழுத அவங்களுக்குக் கை வராது." ஒரு மூச்சு. "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க. அடுத்த கணக்கெடுப்புக்கு முப்பது வீடும் அவளுக்குத்தான். இனிமே உயிரோட இருக்கறவங்க பெயர்லதான் எழுதணும். உத்தரவைக் கிழிச்சுட்டேன்."

டைப்பிஸ்ட் உள்ளே ஓடிப் போய்ச் சொன்னாள். அந்தப் பெண் அழுதாள், மூக்கைத் துடைத்தாள், பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை பெரியவர் கூட வந்தார்.

"அடுத்த தடவையும் வருவியாம்மா?"

"வருவேன் ஐயா."

"அவளையும் கேப்பியா?"

அவள் செருப்பில் கால் நுழைத்தபடி நின்றாள். "ஒரு வீட்டுக்கு ஒரு பதில்தான் ஐயா."

பெரியவர் புரிந்ததுபோல் தலையை ஆட்டினார். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. மூன்று பேரும் படியிறங்கத் திரும்பினார்கள். உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. கடைக்குப் போய்வந்த கணக்கை ஒப்பிப்பதுபோல், நிதானமாக. எண்ணெய் இவ்வளவு. பால் இவ்வளவு. சோப்பு இவ்வளவு. பிறகு, "நீ என்னம்மா சொல்றே?"

வீடு அமைதியாயிற்று.

ஒருவரும் படியிறங்கவில்லை. டைப்பிஸ்ட் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். ஆடிட்டர் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார்கள்.